பொங்காத சட்டியும் அத்தான் பேரும்

1

எங்கள் அலுவலகத்தில் டிசம்பர் பிறந்ததும் ஒரு தொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் எல்லோர் பெயரும் எழுதிய துண்டுச்சீட்டுகள் கிடக்கும். யார் பெயர் நம் கையில் வருகிறதோ அவருக்கு நாம் இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் ஒரு கிறிஸ்துமஸ் பரிசு வாங்கி வைக்க வேண்டும். அடிலெய்டுக்கு வந்த புதிதில் இதை ஏலச்சீட்டு என்று நினைத்து, "முதல் மாதமே தள்ளி எடுக்கலாமா?" என்று கேட்டவன் நான். அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க எனக்கும் தெரியவில்லை, புரிந்துகொள்ள அவர்களுக்கும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்து வைத்தார்கள்.

இந்த வருடம் எனக்கு கிளென் வந்தார். கிளென் எனக்கு அடுத்த மேசைக்காரர். சமையலில் பெரிய ஆசை. சனி ஞாயிறு வீட்டுத் தோட்டத்தில் கறி சுடுவார், திங்கட்கிழமை முழுக்க அதைப் பற்றிப் பேசுவார். சில வருடங்களுக்கு முன்பும் ஒருமுறை அவர் பெயர் எனக்கு விழுந்தது. மிளகு தட்டட்டுமே என்று நல்ல கருங்கல் இடிகல் ஒன்றை வாங்கிக் காகிதம் சுற்றி அலுவலகக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்தேன். கொடுத்தது யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் கிறிஸ்துமஸுக்குக் கல்லைக் கொடுக்கிற ஆள் அந்த அலுவலகத்தில் வேறு யார்? மறு வாரம் கிளென் என் தோளில் தட்டி, "அருமையான பரிசு. காற்றில் கதவு சாத்திக்கொண்டே இருந்தது. இப்போது சாத்துவதில்லை" என்றார்.

சமையல் பிரியர்களுக்கு உபயோகமான பரிசு வாங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் எனக்கு நினைப்பு உண்டு. கிளென் அதை லேசாக ஆட்டித்தான் பார்த்தார். அடியோடு சாய்த்தது போன பொங்கல். சீட்டில் மறுபடியும் அவர் பெயரைப் பார்த்ததும் அந்தக் கதை முழுவதும் ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? இங்கே சொன்னால் பொங்கல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

எனக்கு ஒரே அக்கா. பெயர் செல்வக்கனி. கயத்தாற்றில் பிறந்து கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் தங்கராஜ் அங்கே பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். இப்போது கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். வீட்டோடு என்பது அத்தான் சொல்வது. அக்காவைக் கேட்டால், "அடுக்களையோட இருக்காவ" என்பாள்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த அடுக்களைக்கு ஏதாவது வாங்கிப்போவது என் வழக்கம். சாமான் நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கொண்டுபோனேன். "எனக்குக் கைதாம்லே தராசு" என்று அக்கா அதை அலமாரியில் வைத்தாள். பழைய பேப்பர்காரர் வரும்போது மட்டும் வெளியே எடுத்தாள். அப்புறம் அவர் அந்தத் தெருவுக்கே வருவதில்லை. நேரம் முடிந்ததும் கூவுகிற கடிகாரம் ஒன்று கொடுத்தேன். பருப்பு வேகும் நேரத்துக்கு வைத்துக்கொள் என்றேன். அவள் மோட்டார் போட்டதும் மேல்தொட்டி நிறைந்து வழியாமலிருக்க அதை வைத்துக்கொண்டாள். சூடு தாங்கும் கையுறை கொடுத்தேன். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் கைப்பிடி சுடுகிறதென்று அதை மாட்டிக்கொண்டு அத்தான் எட்டயபுரம் ரோட்டில் போனார். பஜாரில் அவரைத் தீயணைப்பு அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கறிக்குள் குத்தி வெப்பம் பார்க்கிற கம்பி ஒன்றும் உண்டு. அதை அத்தான் உளுந்தஞ்சோற்றில் குத்திப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் ஒண்ணும் இல்ல, எறக்கிரலாம்" என்றார்.

ஆக, எந்தப் பரிசும் வீணாகவில்லை. கொடுத்த காரியத்துக்கு மட்டும் பயன்படவில்லை, அவ்வளவுதான்.

3

இதற்கிடையில் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஞாயிறுதோறும் அத்தானின் படங்கள் வர ஆரம்பித்தன. தோளில் துண்டு, கையில் கரண்டி, முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. கீழே, 'இன்று நம்ம கைவண்ணம்' என்று எழுதியிருக்கும். ஒரு வாரம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். ஒரு வாரம் கருவாட்டுக் குழம்பு. ஒரு வாரம் உதிர்ந்துபோன அதிரசம், அதை ஏன் படம் எடுத்தார் என்று தெரியவில்லை. அக்கா எந்தப் படத்திலும் இல்லை. எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும். வெங்காயம் உரிக்கிற முழங்கை, தேங்காய் துருவுகிற முழங்கை, அடுப்பு மேடை துடைக்கிற முழங்கை. நான் கரண்டியைப் பார்த்தேனே தவிர முழங்கையைப் பார்க்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்று முடிவானது. இங்கே பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய விடுமுறை கிறிஸ்துமஸில் தொடங்கி ஜனவரி முழுக்க நீளும். என் மகள் மதி பத்தாவது படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி உரையாடல் ஓடிவிடும். பொங்கலைத் தன் சிநேகிதிகளிடம் 'இனிப்புக் குழைசாதம்' என்று விளக்கிக்கொண்டிருப்பவள். அவளைக் கூட்டிப்போய் உண்மையான பொங்கலைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அக்கா வீட்டுக்குப் பரிசு தேடி ஒரு கடைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் புதுமாதிரியான எவர்சில்வர் சட்டியில் பால் காய்ச்சிக் காட்டிக்கொண்டிருந்தாள். அடிகனமான சட்டி, மடங்கிய அகல விளிம்பு, ஆவி போக ஓட்டை வைத்த மூடி. பால் ஏறும், விளிம்புவரை வரும், நல்ல பிள்ளையாகத் திரும்பி இறங்கிவிடும். "எவ்வளவு கொதித்தாலும் பொங்கி வழியாது" என்றாள். கூட்டம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். அடுப்புத் துடைக்கிற வேலை இல்லை! என் மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள், அவளும் தலையாட்டினாள். பொங்கலுக்குக் கொண்டுபோகிற சட்டி இது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. இத்தனை வருடமாக, புகை எச்சரிக்கை மணிக்குப் பயந்து மின்சாரக் குக்கரில் பொங்கல் வைத்துப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் பொங்கல் பொங்காது, விளக்கு அணைந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் 'பொங்கலோ பொங்கல்' சொல்வோம்.

அடுத்தது பேர். பாத்திரம் என்று ஒன்று கொடுத்தால் அதில் பேர் வெட்டாமல் கொடுப்பது, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரை விட்ட மாதிரி. அடிலெய்டில் பாத்திரத்துக்குப் பேர் வெட்ட ஆள் கிடையாது. விளையாட்டுக் கோப்பைகளுக்கும் நாய்க் கழுத்து வில்லைகளுக்கும் பேர் பொறிக்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோனேன்.

யார் பேரை வெட்டுவது? வீட்டில் சமையல் ஆசை யாருக்கு? படத்தில் கரண்டி பிடித்திருப்பவருக்கு. 'அ. தங்கராஜ்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "என்ன விளையாட்டு?" என்று கேட்டார்.

"சமையல்" என்றேன்.

"ஜெயித்தது யார்? நீங்களா?"

"என் அக்கா வீட்டுக்காரர்."

விளக்கப் போனால் இருட்டிவிடும் என்று அப்படியே விட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பேருக்கு இரண்டு பக்கமும் வெற்றி மாலை மாதிரி இலைக் கொத்தும், கீழே ஒரு நட்சத்திரமும் இலவசமாகப் பொறித்துக் கொடுத்தார்.

4

மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுங்க அதிகாரி சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இலைக் கொத்தைத் தடவிப் பார்த்தார். "தமிழ் ஆளு அங்க போய் கப்பு வாங்கியிருக்கீங்க. பெருமையா இருக்கு சார்" என்று கை குலுக்கினார். மதி ஆங்கிலத்தில், "அது வெறும் சட்டி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "பொண்ணுக்கு அடக்கம் ஜாஸ்தி" என்று அனுப்பிவைத்தார்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருடாவருடம் பொங்கல்படி வர வேண்டும். பச்சரிசி, கருப்பட்டி, மஞ்சள்குலை, கரும்பு, பனங்கிழங்கு, சேலை. அப்பா இருந்தவரை கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் கரும்பைத் தூக்கிக்கொண்டு அவரே போவார். அவர் காலத்துக்குப் பிறகு அது என் பொறுப்பு. நான் போனில் பணத்தைத் தட்டிவிடுவேன். அக்கா அந்தப் பணத்தில் அவளே வாங்கி அவளே வைத்துக்கொண்டு, 'படி வந்துட்டு' என்று அவளே செய்தியும் அனுப்புவாள். அந்த வருடம்தான் முதல் தடவையாக நேரில் கொண்டுபோனேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக, தாம்பாளத்தில் எல்லாவற்றையும் வைத்து, புதுச் சட்டியையும் நடுவில் வைத்து, குடும்பத்தோடு வாசலில் போய் நின்றேன்.

அக்கா முகம் பூத்துவிட்டது. தாம்பாளத்தை வாங்கி டிவிக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கடைசியாகச் சட்டி. வெளிச்சத்தில் சாய்த்துப் பேரைப் படித்தாள்.

"யாருலே இது, அ. தங்கராஜ்?"

"நாந்தான்!" என்று அத்தான் உள்ளேயிருந்து ஓடி வந்தார். சட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மாப்ள, எங்க கல்யாணத்துல இருந்து மாமனார் ஊரு பேரு போட்ட தம்ளர்லதான் தண்ணி குடிக்கேன். இந்த வீட்டுல ஒரு பாத்திரத்துல எம் பேர இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவர் சொன்னது நிஜம். அந்த வீட்டுத் தம்ளர், கரண்டி, போணி, தூக்குவாளி எல்லாவற்றிலும் 'வே. செல்வக்கனி, கயத்தாறு' என்றுதான் வெட்டியிருக்கும். எங்கள் அப்பா வேலுச்சாமி கொடுத்த சீர். அக்கா கோவில்பட்டிக்கு வந்து பேரப்பிள்ளையும் பார்த்துவிட்டாள், பாத்திரமெல்லாம் இன்னும் கயத்தாற்றிலேயே இருக்கிறது.

"படி யாருக்குலே கொண்டாந்த?" என்றாள் அக்கா.

"ஒனக்குத்தான்க்கா."

"அப்ப இது?"

"இல்லக்கா, அத்தான் நல்லா சமைக்காவள்லா. போட்டோல பாத்தேன்..."

என் மனைவி என் முதுகில் கிள்ளினாள். காலம் கடந்துவிட்டது.

"சமைக்காவளா? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நான் அரைச்சு, நறுக்கி, ஊறவச்சுக் குடுக்கதக் கிண்டிட்டு, போட்டோ எடுத்ததும் துண்ட ஒதறிட்டுப் போறது பேரு சமையலா? சரி. சமைக்கட்டும். அவிய பேரு போட்ட சட்டி வந்துட்டுல்லா, அதுல அவியளே சமைச்சுக்கிடட்டும். எம் பேரு போட்ட ஒரு சாமானையும் தொடப்பிடாது."

"படிய உள்ள வைக்கலையாக்கா?"

"அங்கனயே இருக்கட்டும். பொங்கல் கழியட்டும். எடுக்கதா, திருப்பி விடுததான்னு அப்புறம் சொல்லுதேன்."

பிறந்த வீட்டுப் படியை ஒரு பெண் திருப்பி விட்டால், அந்த வீட்டோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். கடல் கடந்து கரும்போடு வந்து, ஒரு சட்டியால் அதை முறித்துக்கொள்ளப் போகிறேனே என்று பயந்தேன். தாம்பாளம் டிவிக்குக் கீழேயே இருந்தது. போகிற வருகிற எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

5

மறுநாள் காலை அத்தான் காப்பி போட அடுக்களைக்குள் போனார். போன கையோடு வந்தார். பால் பாத்திரத்தில் அக்கா பேர். ஃபில்டரில் அக்கா பேர். தம்ளரைத் திருப்பிப் பார்த்தார், கயத்தாறு.

"அம்மியில பேரு இல்லையே?" என்று கேட்டுப் பார்த்தார்.

"எங்கப்பா வாங்குனது."

"அப்ப அடுப்பு? அடுப்பு நான் வாங்குனதுல்லா?"

"கேஸ் கனெக்சன் யாரு பேர்ல இருக்கு?"

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, இந்த வீடே எம் பேர்லதான் இருக்கு!"

"அப்ப வீட்டத் தின்னுங்க" என்றாள் அக்கா.

மதி இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தாள். ஊருக்குப் போனால் அறைக்குள் போனோடு முடங்கிக் கிடப்பாளோ என்று கவலைப்பட்டேன். போன் கையில்தான் இருந்தது, ஆள் மட்டும் அடுக்களை வாசலை விட்டு நகரவில்லை. இடையிடையே, "மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று தமிழில் வேறு சொன்னாள்.

அத்தான் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பசுவந்தனைப் பக்கம் போய், தெரிந்தவர் காட்டிலிருந்து ஒரு கட்டு பருத்திமார் கொண்டுவந்தார். பருத்தி எடுத்த பிறகு காய்ந்து நிற்கிற செடிதான், நன்றாக எரியும். பஜாரில் பேர் வெட்டாத கரண்டி ஒன்று வாங்கினார். "பேரு வெட்டணுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்களாம். "நல்லா ஆழமா வெட்டுங்க" என்றாராம். பொங்கலன்று வாசலில் தனி அடுப்பு, தனிப் பொங்கல் என்று தெருவுக்கே அறிவித்துவிட்டார்.

பொங்கல் விடிந்தது. வாசலில் இரண்டு கோலம், இரண்டு அடுப்பு. ஒன்றில் அக்காவின் வெண்கலப் பானை. அடுத்ததில் இலைக் கொத்தும் நட்சத்திரமுமாக அத்தானின் சட்டி. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பொங்கலைச் சீக்கிரம் முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் எந்த அடுப்புக்கும் போகாமல் நடுவில் கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பானை முதலில் பொங்கியது. எல்லோரும் குரல் கொடுத்தோம். அத்தானும் கொடுத்தார், கொஞ்சம் மெதுவாக.

அப்புறம் அத்தான் சட்டிக்குக் காத்திருந்தோம். ஓட்டை வழியாக ஆவி வந்தது. பால் ஏறும் சத்தம் கேட்டது. அத்தான் மூச்சை இழுத்துக்கொண்டு 'பொங்கலோ' என்று ஆரம்பித்தார். பால் விளிம்புவரை வந்து, எட்டிப் பார்த்து, இறங்கிப் போய்விட்டது. அத்தான் இன்னும் இரண்டு பருத்திமாரைச் செருகினார். ஏறியது. 'பொங்கலோ...' இறங்கியது.

"அண்ணாச்சி, அடுப்பு எரியுதா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கடைப் பெண்ணும் அவள் காய்ச்சிய பாலும் ஞாபகம் வந்தது. நல்ல பிள்ளையாகத் திரும்பி இறங்கிய பால். நான் கரும்பை மனைவி கையில் கொடுத்துவிட்டு அத்தான் காதில் போய்ச் சொன்னேன்.

"பொங்காதா?" அத்தான் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். "பொங்கப்படிக்குப் பொங்காத சட்டியாலே கொண்டாந்த?"

"ஆஸ்திரேலியாவுல பொங்கல் பொங்காது போல" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. மதி விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. தை பிறக்கிற அன்று வாசலில் வைத்த பொங்கல் பொங்காமல் நிற்பது அவருக்கு வேடிக்கை இல்லை. கடைக்கு முதல் சாமான் கொள்முதல் செய்வதே அன்று எந்தப் பக்கம் பொங்கியது என்று பார்த்துத்தான். மனிதர் உண்மையாகவே பயந்துவிட்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குத்தவைத்தபடி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். மூடியை எடுத்து ஓரமாக எறிந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"முக்காச்சட்டி வச்சிக்கிட்டுப் பொங்கு பொங்குன்னா எப்படிப் பொங்கும்? ஊத்துங்க நெறைய."

தன் செம்பிலிருந்த பாலை விளிம்பு தட்டுகிறவரை அவளே ஊற்றினாள். பருத்திமாரை ஒரு கை அள்ளி அடுப்பில் திணித்தாள். தீ சட்டியைச் சுற்றிக்கொண்டு எழுந்தது. எந்த நாட்டுச் சட்டியாக இருந்தாலும் கழுத்துவரை ஊற்றினால் என்ன செய்யும்? நுரை கூடிக்கொண்டு ஏறி, மடங்கிய விளிம்பைத் தாண்டி, இலைக் கொத்தின் மேலும் நட்சத்திரத்தின் மேலும் அ. தங்கராஜின் மேலும் வழிந்து ஓடியது. தெருவிலேயே அத்தான் குரல்தான் உரத்து ஒலித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா அரிசியைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். அவள் கையிலிருந்தது கயத்தாற்றுக் கரண்டி. அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

அடி மட்டும் நன்றாகப் பிடித்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் நான் மெதுவாக அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "படி என்னக்கா ஆச்சு?"

அவள் சொன்னாள்: "அப்பா இருக்கையில வருசம் ஒரு கரண்டியாவது பேரு வெட்டிக் கொண்டு வருவாவ. அவிய போனதுக்கப்புறம் நீ பணமா அனுப்புத. குறை சொல்லல. ஆனா பணத்துல எங்கலே பேரு வெட்ட? ஆசப்பட்டு ஒரு சாமான் வந்துச்சு. அதுலயும் இவிய பேரு."

நான் தட்டில் மிச்சம் இருந்த பொங்கலையே மறுபடியும் தின்றேன்.

6

மறுநாள் அக்காவையும் சட்டியையும் கூட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். அவள் பேரைச் சேர்த்து வெட்டிவிட்டால் தீர்ந்தது என்பது என் கணக்கு. மதியும் கூட வந்தாள். பேர் வெட்டுகிறவர் சட்டியை வாங்கி, வெளிக்கரியைத் துணியால் துடைத்துவிட்டுத் திருப்பினார்.

"கப்பா அண்ணாச்சி? என்ன போட்டி?"

"சமையல் போட்டி" என்றேன், பழக்கதோஷம்.

"யாரு ஜெயிச்சது?"

"இன்னும் முடியல" என்றாள் அக்கா.

அத்தான் பேரை அழிக்க முடியாது, ஆழமாக வெட்டியிருக்கிறது, வேண்டுமானால் மறுபக்கம் சேர்க்கலாம் என்று அவர் சொன்னார். "செல்வக்கனின்னு போடுங்க" என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"எம் பேரு வீடு பூரா கெடக்கு. எந் தம்பி பேர வெட்டுங்க. வே. முத்துக்குமார். ஊரு கயத்தாறு."

"இப்ப அடிலெய்டுல்லாக்கா..."

அவள் பார்த்த பார்வையில் கயத்தாறு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மதிக்கும் ஒரு தம்ளர் வாங்கி, 'மு. மதி, கயத்தாறு' என்று வெட்டச் சொன்னாள். மதி கயத்தாற்றில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. "அத்தை, நான் அங்க இல்லையே" என்றாள். "பொறந்த வீட்டு ஊரத்தான்ட்டி போடணும்" என்று அக்கா சொன்னதும், எந்திரம் எழுத்துக் குத்துவதைப் படம் பிடிக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா டிவிக்குக் கீழிருந்த தாம்பாளத்தைத் தூக்கி உள்ளே வைத்தாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடம் சட்டியைக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தாள். முந்தின நாள் அடிப்பிடித்தது அப்படியே இருந்தது.

"யாரு யாரு பேரு போட்டிருக்கோ அவிய அவிய கழுவுங்க. எம் பேரு இல்ல."

அத்தானும் நானும் தேங்காய் நாரும் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்தோம். தேய்க்கத் தேய்க்கக் கரி போனபாடில்லை.

"மாப்ள," என்றார் அத்தான், "அடுத்த வருசம் பரிசுன்னு ஏதாவது வாங்குனா, பேரில்லாம வாங்கு."

7

திரும்பி வரும்போது இங்கே விமான நிலையத்தில் வற்றல், பொடி, கடலைமிட்டாய் என்று ஒவ்வொன்றையும் மேசையில் பரப்பி விளக்கம் கேட்டார்கள். சுண்டைவற்றல் என்ன செடி, எதற்கு, ஏன் கசக்கிறது என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு எனக்கும் விடை தெரியவில்லை. மதியின் தம்ளரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது அது அவள் மேசையில் இருக்கிறது. வேறு யாராவது அதில் தண்ணீர் குடித்தால், "பேர் பார்த்து எடுங்க" என்று சத்தம் வரும். அது மட்டும் தமிழில் வரும்.

கிளெனுக்கு வருகிறேன். இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக, "வீட்டில் நீங்கள் சமைக்கும்போது வெங்காயம் நறுக்குவது யார்?" என்று விசாரித்தேன். அவர் யோசித்துவிட்டு, அவர் மனைவி என்றார். பாத்திரம் கழுவுவது? அதுவும் அவர் மனைவி. கறி புரட்டுகிற நீளக் கரண்டி இரண்டு வாங்கி, இரண்டு பேர் பேரையும் பொறிக்க அதே கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். "இந்த வருடம் இரட்டையர் ஆட்டமா?" என்றார். ஆமாம் என்றேன்.

போன ஞாயிறு அக்கா வீடியோவில் வந்தாள். இப்போதெல்லாம் வாட்சப் படங்களில் அவள் முழுதாகத் தெரிகிறாள், ஓரத்தில் அத்தானின் முழங்கை. இந்தப் பொங்கலுக்கு வர முடியாது, லீவு இல்லை, படிக்குப் பணம் அனுப்பிவிடுகிறேன் என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் ஒன்றும் கோபப்படவில்லை. எழுந்து போய் அந்தச் சட்டியை எடுத்து வந்து போனுக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கம் அத்தான் பேரும் இலைக் கொத்தும் பளபள என்று மின்னின. மறுபக்கம் ஒரே கரி.

"பாத்தியா? இவிய அவிய பேரு பக்கத்த மட்டும் தேய்ச்சு வச்சிருக்காவ. ஒம் பேரு கருத்துப் போய்க் கெடக்கு. பணத்த நீயே வச்சுக்கோ. வந்து தேய்ச்சிட்டுப் போ."